அக்காவுக்கு நூற்றெண்பது நாள்

1

திங்கட்கிழமை காலை எல்லைச் சாவடியில் லாரியோடு வரிசையில் நின்றிருந்தபோது சுகந்தியிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணை, அக்காவின்ர பொலிசி தொடங்கிற திகதி அதேதானே? மருந்தில மாற்றம் ஒண்டும் இல்லைத்தானே?"

சுகந்தி இன்சூரன்ஸ் விற்பவர். யாழ்ப்பாணத்துப் பெண். டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அவருக்கு அலுவலகம். என் அக்கா திருவண்ணாமலையிலிருந்து வந்து மூன்று மாதம் என்னோடு இருப்பதற்கான மருத்துவ இன்சூரன்ஸை அவரிடம்தான் எடுத்தேன். எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அக்கா இன்னும் வரவில்லை. தேதி மூன்று முறை தள்ளிப்போய், நான்காவது தேதிக்கு அன்று இருபத்திரண்டு நாள் பாக்கி.

ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்கிறார்கள், விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே, இன்னும் என்ன யோசனை என்று. ஒவ்வொருவரிடமும் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவதில் தோற்றவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அக்காவின் பெயர் உண்ணாமலை. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டதும் அடித்ததும் அவள்தான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்களுக்குப் பெட்ஷீட் துவைத்துக் கொடுப்பது அவள் வேலை. முப்பது வருடம் செய்தாள். ஒரு வீட்டை அவள் வாசலைப் பார்த்தோ சமையலறையைப் பார்த்தோ எடைபோட மாட்டாள். படுக்கையைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரம் வாங்கியிருக்கிறதா, மூட்டைப்பூச்சி இருக்கிறதா, போர்வை காலுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பாள். அதன் பிறகுதான் அந்த வீட்டைப் பற்றி வாய் திறப்பாள்.

பதினைந்து வயதில் ஒரு அரிசி லாரியில் ஏறி பெங்களூர் போனேன். அங்கிருந்து பம்பாய். இரண்டு வருடம் கடிதம் போடவில்லை. பிறகு ஒருநாள் அக்கா வீட்டுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொன்னேன். ஓடிவந்திருப்பாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. ஏன் வீட்டை விட்டு ஓடினாய் என்று அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை.

"எங்கடா படுக்கற?" என்றாள்.

"ரூம்லக்கா" என்றேன். அப்போது நான் ஒரு கிடங்கில் சிமெண்டு மூட்டைகள் மேல் படுத்துக்கொண்டிருந்தேன்.

அது பொய் என்று அவளுக்கு அன்றே தெரியும் என்பதைப் பல வருடம் கழித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் எந்த ஊருக்குப் போனாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். துபாயில் எட்டுப் பேர் அறையில் மேல்தட்டுக் கட்டில். கனடாவுக்குச் சமையல்காரனாக வந்த முதல் வருடம் ஹோட்டலின் நிலவறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில். இப்போது எனக்கு வீடு இருக்கிறது. மாடியில் மூன்று அறை. ஆனால் கரண்டியை வைத்துவிட்டு லாரி ஓட்டப் போய்விட்டேன், ஒரே அடுப்பு முன்னால் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் லாரியில், சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகைப் படுக்கையில்தான் தூக்கம். அக்காவிடம் பேசுவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். போனில் என் தலைக்குப் பின்னால் எப்போதும் அந்தத் திரைச்சீலையையே பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வண்டிலயேதான் குடித்தனமா? ஊடு கீதுன்னு சொல்றதெல்லாம் எனக்கோசரம் சொல்றியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கச் சுற்றிப் போனில் காட்டினேன். அவளுக்கென்று ஒதுக்கிய அறையையும் காட்டினேன். அவள் அசையவில்லை.

"போன்ல எல்லாம் அழகாத்தான்டா தெரியும். லாட்ஜ்காரங்க போடற போட்டோவ பாத்துட்டு வந்துட்டு எத்தினி பேரு என்னாண்ட சண்ட போட்டிருக்காங்க. நான் வந்து தொட்டுப் பாத்தாதான் எனக்கு."

அவள் இங்கே வந்து பார்க்க விரும்பியது நயாகராவை இல்லை, பனியை இல்லை. நான் படுக்கிற இடத்தை.

3

விசாவுக்கு விரல் ரேகை எடுக்க அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனது அவள் மகன் குமரேசன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறான். ஊருக்கே விண்ணப்பம் போடுகிறவன் தன் அம்மா விரலிடம் தோற்றுப்போனான். முப்பது வருடம் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறிய விரல்களை இயந்திரம் ஏற்கவில்லை. துடைக்கச் சொன்னார்கள், அழுத்தச் சொன்னார்கள், அரை மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தார்கள். "எனக்குக் கைரேகையே இல்லியாம், ஜோசியக்காரன்லாம் இத்தினி நாளு எத பாத்து சொன்னான்னு தெரியல" என்று அக்கா சிரித்தாள். எப்படியோ விசா வந்தது.

அப்புறம் இன்சூரன்ஸ். இங்கே சுற்றுலாவாக வருகிறவர்களுக்கு அரசாங்க மருத்துவம் கிடையாது. கூட வண்டி ஓட்டுகிற ஒருவரின் மாமனார் வந்த பத்தாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. அந்த பில்லைக் கட்ட மருமகன் இன்னும் விடுமுறை எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

முதலில் நானே ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன். வருகிறவருக்கு என்ன நோய் என்று கேட்டார்கள். "நோ பிராப்ளம், ஒன்லி சுகர்" என்றேன். அந்தப் பெண், சர்க்கரை எல்லோருக்கும் பிடிக்கும் சார் என்றாள். அதோடு சுகந்தியிடம் போய்விட்டேன்.

சுகந்தி நான்கு கம்பெனி தாள்களை மேசையில் பரப்பினார். மலிவானதைத் தொட்டேன். அதை என் விரலுக்குக் கீழிருந்து உருவிக்கொண்டார். பழைய நோய்க்கு அது ஒரு பைசா தராதாம். மற்றவை தரும், ஒரு நிபந்தனையோடு. இங்கே வந்து இறங்கும் நாளுக்கு முன்னால் நூற்றெண்பது நாள் அந்த நோய் ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும். புது மாத்திரை கூடாது, மாத்திரையின் அளவும் மாறியிருக்கக் கூடாது. வயது குறைந்தவர்களுக்குத் தொண்ணூறு நாள் போதும் என்றது ஒரு கம்பெனி. அக்காவுக்கு அறுபத்தேழு.

"மறைச்சு எடுத்துப்போட்டு, பிறகு ஆஸ்பத்திரியில நிண்டு எனக்குப் போன் அடிச்சால் நான் ஒண்டும் செய்யேலாது அண்ணை. அவங்கள் ஊரில இருக்கிற டொக்டர் எழுதின துண்டு வரைக்கும் கேட்டு எடுப்பாங்கள்" என்றார்.

தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகள் வாசித்துச் சொன்னாள். அவளுக்கு அக்காவின் பெயரைத்தான் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்கு வாயில் நுழையாமல் 'உனா' ஆகி, இப்போது வீட்டுக்கு வரும் கடிதத்திலும் உனாதான். வேறு ஊரில் படிக்கிறாள், சனி ஞாயிறு வருவாள், வந்தால் அறைக் கதவு சாத்தியிருக்கும். அன்று கதவைத் திறந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக விரல் வைத்து வாசித்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு இடத்தில் நின்றாள்.

"அப்பா, இது சில்லி. டோஸ் ஏத்தினா மட்டும் இல்ல, கொறைச்சாலும் மாற்றமாம். அத்தை நல்லா ஆனாலும் இவங்க ஒத்துக்க மாட்டாங்க."

அதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. அறுபத்தேழு வயதில் யாருக்கு மாத்திரை குறைகிறது?

4

அக்கா வருவதற்கு நாங்கள் நினைத்தது போன வருடம் மே மாதம். ஆனால் பிப்ரவரியில் டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருந்தது தெரியவந்ததும் எண்ணிக்கை ஆகஸ்டில் போய் முடிந்தது. செப்டம்பர் முதல் தேதியில் தொடங்குகிற மாதிரி இன்சூரன்ஸ் போட்டேன். நான்கு மாதம்தானே.

அக்காவுக்கு இன்சூரன்ஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பல வருடத்துக்கு முன்னால், அவள் துவைத்துக் கொடுத்த கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா மலைப்பாதையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் பேசினாள். சாயங்காலம் சென்னையிலிருந்து படுக்கை வைத்த கார் வந்து நின்றது. கைமாற்று வாங்க ஆள் ஓடவில்லை, சொந்தக்காரர்கள் கூடவில்லை. அக்கா அதை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த அட்ட எனக்கும் வருமா?" என்றாள் இப்போது. அவள் குரலில் இருந்த பெருமை எனக்குத் தாங்கவில்லை.

உடனே ஒரு பார்சல் அனுப்பினாள். ஒரு பெட்ஷீட், ஒரு போர்வை. இரண்டும் புதிது, ஒருமுறை அலசிக் காயவைத்தது. ஊரில் உள்ளவர்கள் படுத்ததையெல்லாம் துவைத்தவள், மற்றவர் படுத்ததில் படுக்க மாட்டேன் என்றாள். அவளுடைய அறைக் கட்டிலில் விரித்து வைத்தோம்.

ஜூலையில் சர்க்கரைக்குப் புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்தது. தேதி ஜனவரிக்குப் போனது. ஜனவரி பனியில் அவளை இறக்க மனமில்லாமல் நானே ஏப்ரலுக்குத் தள்ளினேன். இந்த முறை தப்பக் கூடாது என்று, குமரேசன் பக்கத்தில் இருக்க, அக்காவுக்கு விதியை நன்றாகப் புரியவைத்தேன். டாக்டர் சீட்டில் ஒரு எழுத்து மாறினாலும் அன்றிலிருந்து மறுபடி முதலில் இருந்து எண்ணுவார்கள் என்று சொன்னேன். எனக்கு அது தெரிந்திருப்பதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அக்கா "சரிடா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் எதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

5

இந்த வருடம் மார்ச் மாதம் குமரேசன் கூப்பிட்டான்.

"மாமா, சொன்னா கோச்சிக்காதீங்க. அம்மா எட்டு மாசமா டாக்டராண்டயே போவல."

மாதாமாதம் ஷேர் ஆட்டோவில் தனியாகப் போய் வருவதாகத்தான் அவனிடமும் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்துக்குப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவாளாம். எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு, மெடிக்கல் கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்புவாள். அன்று குமரேசன் அந்தப் பக்கம் போனபோது கடைக்காரர் நிறுத்திக் கேட்டிருக்கிறார், சீட்டு போன வருடத்து ஜூலை, இன்னும் எத்தனை நாள் இதற்கே தருவது, அம்மாவைப் பார்த்தால் முகம் ஊதியிருக்கிறதே என்று. வீட்டுக்குப் போய்க் கேட்டால், ஒரு மாதமாகத் தலைசுற்றல் இருப்பதையும் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதையும் மெதுவாகச் சொன்னாள்.

அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "சொல்லிட்டானா?" என்றாள்.

ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"போனா மாத்துவாரு. மாத்தினா நீ மொதல்லேந்து எண்ணுவ."

"ஒடம்பு என்னாவறது அக்கா?"

"ஒடம்பு எங்கடா போயிடப் போவுது? இன்னும் ஒரு மாசம். வந்து உன் ஊட்டப் பாத்துட்டுத் திரும்பி வந்து, அவரு எத்தினி மாத்திர எழுதினாலும் முழுங்கறேன்."

லாரியை ஒரு ஓய்வு நிறுத்தத்தில் போட்டுவிட்டு இறங்கி நின்றேன். இரண்டு வருடம் என்னைக் காணாமல் தேடியவள் அவள். அவளை இன்னொரு முறை காக்க வைத்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் சொன்ன விதியே அவளை டாக்டரிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறது. அந்த எட்டு மாதமும் வாரம் இரண்டு முறை பேசியிருக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதைவிட, மாத்திரை அதேதானே என்று கேட்டதுதான் அதிகம்.

"எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டேன்க்கா" என்றேன்.

"பொய் சொல்ற. ரூம்ல படுத்துக்கறேன்னு சொன்ன அதே குரலு."

மறுக்கவில்லை. டாக்டரிடம் போய்விட்டு வந்து குமரேசன் போனில் சீட்டைக் காட்டட்டும், அதுவரை உன்னோடு பேச மாட்டேன் என்றேன். முன்பு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவன் சொல்வதால் அவள் நம்பினாள் போலிருக்கிறது. மறுநாளே போனாள். பிரஷரின் மேல் அளவு நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் அவளைவிட அதிகமாகக் குமரேசனைத் திட்டியிருக்கிறார். பிரஷருக்கு வேறு மாத்திரை, கூடிய அளவில். செய்தியைச் சுகந்தியிடம் சொன்னேன். தேதி அக்டோபருக்குப் போனது.

6

இந்த ஆறு மாதம் அக்கா எண்ணியது போல் நான் எண்ணவில்லை. மளிகைக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியில் தாள் கிழிக்கும்போதெல்லாம் பின்னால் எத்தனையாவது நாள் என்று பென்சிலால் எழுதி வைப்பாளாம். மாத்திரை மறுபடி கூடிவிடக் கூடாது என்பதற்காக ஊறுகாயை விட்டாள். அப்பளத்தை விட்டாள். கருவாடு பொரிக்கிற வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாளாம். பௌர்ணமிக்கு முழுச் சுற்று வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், தினமும் காலையில் செங்கம் ரோட்டில் கொஞ்ச தூரம் மலையைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டு வந்தாள். மாதம் தவறாமல் டாக்டரிடம் போனாள். நான் லாரியில் சாப்பிடுவது வறுத்த உருளைக்கிழங்கு. எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை சுகந்திக்கு உடனே பதில் போட்டிருக்கலாம். நல்ல செய்தியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்க ஆசைப்பட்டு இதை எழுதத் தொடங்கினேன். வாரம் முழுக்க நிறுத்தங்களில் எழுதினேன். சனிக்கிழமை காலை வண்டியை விட்டு வீட்டுக்குள் நுழையும்போது அக்கா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"டே, ஒன்னு சொல்றேன். திட்டாத."

"சொல்லுக்கா."

"டாக்டரு மாத்திரைய கம்மி பண்ணிட்டாரு."

அவள் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிரஷர் நன்றாக இறங்கிவிட்டதாம், இதே அளவு போட்டால் ரொம்ப இறங்கி மயக்கம் வருமாம், பாதி போதுமாம்.

"அப்படியே இருக்கட்டும் சார்னு கெஞ்சனேன்டா. இன்னாம்மா நீ, அவனவன் கம்மி பண்ணுங்கன்னு கேப்பான், நீ ஜாஸ்தியாவே குடுன்றியேன்னு சிரிக்கறாரு. எழுதிட்டாரு."

"சரி."

"சீட்ட நான் இன்னும் குமரேசனாண்ட காட்டல. முழுசாவே போட்டுக்கறேன். பதினேழு நாளுதான? யாருக்குத் தெரியப் போவுது?"

ஷூவைக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் வந்து இறங்கி, மூன்று மாதமும் ஒன்றும் ஆகாமல் திரும்பிவிட்டால் ஒரு கம்பெனியும் ஒரு சீட்டையும் கேட்காது. பதினேழு நாளில் விமான நிலையத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன், மறைக்க விரும்பவில்லை. பிறகு துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது.

"பாதியே போடுக்கா. சீட்ட குமரேசன்கிட்ட குடு."

அந்தப் பக்கம் சீட்டை மடிக்கிற சத்தம் கேட்டது.

"மறுபடி எப்ப?"

"பங்குனியிலக்கா."

"பாக்கலாம்" என்றாள். பிறகு, "நான் அனுப்பின பெட்ஷீட்ட இன்னா பண்ண?"

"உன் கட்டில்ல விரிச்சிருக்கு."

"ஒன்ற வருஷமா ஆளு படுக்காம கெடந்தா மக்கிப்போவும். நீ படு அதுல."

7

சுகந்திக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. "அக்காவுக்குச் சுகமானது சந்தோசம் அண்ணை. இண்டையிலிருந்து எண்ணுவம்."

உனா மாடியிலிருந்து இறங்கி வந்து, நான் ஷூவோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அத்தைக்கு நல்லா ஆனதுக்கா நீ இப்படி உக்காந்திருக்க?" என்றாள்.

அக்கா அறைக்குப் போய் பெட்ஷீட்டை உருவி உதறினேன். மடிப்பு விழுந்த இடங்களில் கோடு கோடாகத் தூசி படிந்திருந்தது. மறுபடி விரித்துப் படுத்தேன். இரவெல்லாம் ஓட்டிய உடம்பு, போர்வையை இழுத்ததுதான் தெரியும். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

எழுந்தபோது உனா கதவருகில் போனோடு நின்றிருந்தாள். நான் தூங்குவதைப் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பிவிட்டாளாம். எதற்கு என்று கேட்டேன். "அவங்க எப்பவும் கேக்கறதுதானே" என்றாள். இவளுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அக்காவின் பதில் குரலாக வந்திருந்தது. உனா போனை என் காதருகில் பிடித்தாள்.

"கட்டிலு அகலமாத்தான் இருக்குது. காலு வெளிய தெரியுது பாரு, போத்திக்கச் சொல்லும்மா."